கோழியில் தன்னிறைவு பெற்ற மொரீஷியஸ் பாலுக்குக் கப்பலை எதிர்பார்ப்பது ஏன்?

கேள்வியின் சாரம் இது: மொரீஷியஸ் கோழிக்கறியிலும் முட்டையிலும் தன்னிறைவு பெற்ற தீவு என்கிறார்கள். அதே தீவுக்குப் பாலும் மாட்டிறைச்சியும் ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்துதான் வருகின்றன. அரசு மனம் வைத்தால் பாலையும் கோழியைப் போல ஆக்கிவிட முடியாதா? குறை நிலத்திலா, காலநிலையிலா, ஆட்களிலா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "சின்னத் தீவு, இடம் இல்லை" என்றுதான் வழக்கமாகப் பதில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் சரி. கோழி அங்கே வென்றதற்குக் காரணம் அதன் தீவனம் கப்பலில் வந்துவிடுகிறது என்பது. பசு தோற்றதற்குக் காரணம், அதன் தீவனம் தீவிலேயே விளைந்தும் அதை வெட்டிச் சுமக்கும் கைகள் போய்விட்டன என்பது.

முதலில் எண்களின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம். கோழி பற்றிய கணக்கை நம்பலாம். பெரும்பகுதி உற்பத்தி சில பெரிய நிறுவனங்களின் குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, அறுப்புக்கூடம் வழியாகப் போவதால் ஒவ்வொரு கட்டத்திலும் எடை பதிவாகிறது. மாடு, ஆடு பற்றிய கணக்கு அப்படி அல்ல. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மாடும் நான்கு ஆடும் பதிவேட்டுக்கு வருவதும் வராமல் போவதும் ஆளைப் பொறுத்தது. போர்ட் லூயியை ஒட்டிய ரோஷ் புவா அறுப்புக்கூடத்தில் அறுபட்டவை மட்டுமே துல்லியமாகத் தெரியும். எனவே "மாடு இத்தனை விழுக்காடு குறைந்தது" என்று தசமப் புள்ளியோடு யாராவது சொன்னால் அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். குறைந்தது என்பதில் மட்டும் ஐயமே இல்லை.

தீவு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதன்மைத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 12.5 லட்சம், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவு. கிழக்கே இன்னும் 600 கிலோமீட்டர் தள்ளி, அதே நாட்டின் ரொட்ரிக்ஸ் தீவு இருக்கிறது, 108 சதுர கிலோமீட்டர். மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்துக்கள், அடுத்து கிறிஸ்தவர்கள், பிறகு முஸ்லிம்கள். மாட்டிறைச்சியை ஒரு பகுதியினர் தொடமாட்டார்கள், பன்றியை இன்னொரு பகுதியினர் தொடமாட்டார்கள். எல்லா வீட்டு அடுப்பிலும் ஏறக்கூடிய கறி கோழிதான். சுற்றுலா விடுதிகளுக்கும் அதுவே வசதி. சந்தை இப்படி ஒரே திசையில் குவிந்திருப்பது சின்ன நாட்டில் பெரிய வரம், ஏனென்றால் ஒரு அறுப்புக்கூடம் கட்டுப்படியாக வேண்டுமானால் நாள்தோறும் பல ஆயிரம் பறவைகள் வந்தாக வேண்டும்.

இப்போது கோழிக் கணக்கு. ஆண்டு உற்பத்தி 45,000 டன் இறைச்சியைத் தாண்டிய தீவு இது. அறுத்த பிறகு உயிர் எடையில் 72 முதல் 75 விழுக்காடு கறியாக நிற்கும் என்று வைத்தால், உயிர் எடை சுமார் 62,000 டன். இன்றைய கறிக்கோழி ஒரு கிலோ எடை போட 1.6 முதல் 1.7 கிலோ தீவனம் தின்னும். ஆக, கறிக்கோழிக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் தீவனம். இதில் மக்காச்சோளம் மட்டும் 60,000 டன் சுற்றி இருக்கும், மீதியில் பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு. முட்டைக்கோழி ஒவ்வொன்றும் நாளைக்கு 110 முதல் 115 கிராம், அதாவது ஆண்டுக்கு 40 கிலோவுக்கு மேல் தின்னும். அது தனிக் கணக்கு. இந்தத் தானியம் பெரும்பாலும் அர்ஜென்டினா போன்ற தென் அமெரிக்க நாடுகளிலிருந்து மொத்தச் சரக்குக் கப்பலில் வருகிறது. இது அரசு வெளியிட்ட எண் அல்ல, நான் போட்ட கணக்கு. பத்து விழுக்காடு முன்னே பின்னே போகலாம்.

"அந்தச் சோளத்தைத் தீவிலேயே விளைவித்தால் என்ன?" என்று உடனே தோன்றும். ஹெக்டேருக்கு 5 டன் என்றாலும் 12,000 ஹெக்டேர் வேண்டும். இன்று கரும்பு நிற்கும் பரப்பே 40,000 ஹெக்டேர் அளவுதான். கரும்பு வரிசைகளுக்கு இடையில் ஊடுபயிராகச் சோளம் போடும் முயற்சிகளும் நடந்தவைதான். சோளம் பால் பிடிக்கும் பருவமும் புயல் பருவமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. காற்றில் சாய்ந்த கரும்பு மறுபடி எழுந்துகொள்ளும், சாய்ந்த சோளம் எழாது. போன நூற்றாண்டுகளில் இந்தத் தீவு கரும்பைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறிக்கோழிக் குஞ்சுக்கான முட்டையை இடும் தாய்க்கோழி விஷயமும் இதே மாதிரிதான். 45,000 டன் என்பது ஏறக்குறைய 2.8 கோடிப் பறவைகள். ஒரு தாய்க்கோழி தன் உற்பத்திக் காலம் முழுவதும் 140 குஞ்சு தரும் என்றால், ஆண்டுக்கு இரண்டு லட்சம் தாய்க்கோழிகள் போதும். அவற்றை ஒரு நாள் குஞ்சாக, பெட்டிக்கு 100 வீதம், விமானத்தில் இறக்கிவிடலாம். 2,000 அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். நாடு முழுவதும் தின்னும் கோழியின் வித்து அந்த 2,000 பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. பசுவோ ஆண்டுக்கு ஒரு கன்று போடும், அதில் பாதி காளைக்கன்று. சினை ஊசி போட்ட நாளிலிருந்து அந்தக் கன்று வளர்ந்து முதல் பால் தருவதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடும். கறிக்கோழி ஆறே வாரத்தில் பணமாகிறது. வங்கிக் கடனுக்கு எது பொருந்தும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கோழியில் இருப்பது கடைசிக் கட்டத் தன்னிறைவு. குஞ்சு பொரிப்பதும் வளர்ப்பதும் அறுப்பதும் உள்ளூரில் நடக்கின்றன. தானியமும் தாய்க்கோழியும் வெளியிலிருந்து வருகின்றன. இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை, உறைந்த கறிக்குப் பதில் அன்றாடம் புதிய கறி, முட்டை விலையில் ஓரளவு நிதானம் எல்லாம் அதனால் கிடைத்தவை. ஆனால் கோழி உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம் என்பதால், அர்ஜென்டினாவில் மழை பொய்த்தாலும் கப்பல் வாடகை ஏறினாலும் டாலர் ஏறினாலும் அது நேரே கோழி விலையில் தெரியும். 2021, 2022இல் மூன்றும் ஒன்றாக நடந்தன. 2019இல் ஒரு டாலருக்கு 36 மொரீஷிய ரூபாய் அளவில் இருந்தது, 2023-24இல் 45ஐத் தொட்டது. பறவைக் காய்ச்சல் வந்தால் குஞ்சு அனுப்பும் நாட்டின் கதவு ஒரே நாளில் மூடிவிடும். அதனால் ஒரே நாட்டை நம்பாமல் இரண்டு, மூன்று நாடுகளோடு முன்கூட்டியே சுகாதாரச் சான்று ஒப்பந்தம் வைத்திருப்பது அவசியம்.

பண்ணை அளவில் கோழிக்கு இருக்கும் பெரிய ஆபத்து மின்சாரம். மூடிய கொட்டகையில் சதுர மீட்டருக்கு 15 பறவை, கடைசி வாரத்தில் ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல். மின்விசிறி நின்றால், ஜனவரி, பிப்ரவரி மாதத்து ஈரக் காற்றில் கால் மணி, அரை மணிக்குள் சாகத் தொடங்கிவிடும். ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. அது தானாகக் கிளம்புகிறதா என்று வாரம் ஒருமுறை உண்மையான சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பாட்டரி செத்துப்போன ஜெனரேட்டரால் போன கொட்டகைகள்தான் அதிகம். புயல் எச்சரிக்கை மூன்றாம் படிக்கு ஏறினால் ஆட்கள் சாலையில் நடமாட முடியாது. எனவே குறைந்தது மூன்று நாள் தீவனமும் டீசலும் உள்ளேயே இருக்க வேண்டும், ஆள் ஒருவர் கொட்டகையிலேயே தங்க வேண்டும். அறுப்பு ஒரு நாள் தள்ளிப்போனாலும் 40 நாள் பறவை ஒவ்வொன்றும் 200 கிராம் தீவனத்தைக் கூடுதலாகத் தின்றுவிடும். 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் போர்ட் லூயித் தெருக்களில் கார்களை மிதக்க வைத்த மாதிரி நாட்களில் இந்த முன்னேற்பாடு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் அன்று மாலையே தெரிந்துவிடும். கரும்புச் சக்கையைக் கொட்டகைத் தரையில் ஆழ்கூளமாகப் போடுபவர்களுக்கு ஒரு சொல்: விலை மலிவு, ஈரமும் நன்றாக உறிஞ்சும், ஆனால் சரியாகக் காயாத சக்கையில் பூஞ்சணம் பிடித்து முதல் வாரக் குஞ்சுகளுக்கு மூச்சுத்திணறல் வரும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் சக்கையை உள்ளே விடாதீர்கள்.

பசுவுக்கு வருவோம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர், போஜ்புரி பேசுவோர், தெலுங்கர், மராத்தியர் எனத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒற்றைப் பசுதான் இந்தத் தீவின் பால் பண்ணையாக நெடுங்காலம் இருந்தது. கொம்பில்லாத, வெள்ளை நிற, க்ரியோல் என்று அழைக்கப்படும் உள்ளூர் மாடு. பிறகு சினை ஊசியால் அதில் ஃப்ரீசியன் என்ற ஐரோப்பியக் கறவை இனத்தின் கலப்பு வந்தது. தீவனத்துக்குக் காசு கிடையாது. ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு அறுவடை. கரும்பைக் கையால் வெட்டியதும் மேலே எஞ்சும் பச்சைத் தோகையைச் சேர்த்து, அந்தத் தோகையையே முறுக்கிக் கயிறாக்கிக் கட்டி, தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கட்டு 30 கிலோ வரும், ஒரு மாட்டுக்கு ஒரு நாள் பாடு. மற்ற மாதங்களில் சாலையோரப் புல், ஓடைக்கரைப் புல், உள்ளூரில் அகாசியா என்று சொல்லும் சூபாபுல் தழை. இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள்.

அந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு ஒழிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விஷயங்கள் நடந்தன. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் ஊருக்கு ஊர் முளைத்தன, மாதச் சம்பளத்துக்குப் பெண்கள் போனார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் புல் சுமப்பது எவரும் விரும்பிச் செய்யும் வேலை அல்ல. அடுத்து, பால் பவுடர். குளிர்பெட்டி வேண்டாம், புயலில் மின்சாரம் போனாலும் கெடாது, ஒரு கிலோவில் ஏழரை, எட்டு லிட்டர் பால் கலக்கலாம். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மழையில் விளையும் புல்லைத் தின்னவைத்து அதை உற்பத்தி செய்கின்றன. அந்த விலையோடு மல்லுக்கு நிற்பது பெரிய நாடுகளுக்கே கடினம். தேநீர் குடிக்கும் நாக்கே பவுடருக்குப் பழகிப்போனது. மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியம் 1975 முதல் தந்துவந்த சர்க்கரை விலைச் சலுகை. 2006 முதல் அது படிப்படியாக 36 விழுக்காடு வெட்டப்பட்டு, 2009இல் ஒப்பந்தமே முடிந்தது. 2000 வாக்கில் 70,000 ஹெக்டேருக்கு மேல் நின்ற கரும்பு இன்றைய அளவுக்குச் சுருங்கியது. நான்காவது, மிச்சமிருந்த கரும்பிலும் இயந்திர அறுவடை. இயந்திரம் தோகையைத் துண்டாக நறுக்கி வயலிலேயே ஊதிவிட்டுப் போகிறது. மண்ணுக்கு அது நல்ல போர்வை, மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு பழைய எதிரியும் உண்டு, வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காதது. வீட்டு ஈயைப் போலவே இருக்கும், ஆனால் வாயில் ஊசி இருக்கும், இரத்தம் குடிக்கும் ஒரு வகை ஈ. அழுகும் கரும்புச் சோகையில் முட்டையிட்டுப் பெருகுகிறது. மாட்டின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே வரிசையாக உட்காரும். மாடு காலை உதறிக்கொண்டே நின்றால், தலையைத் தோளுக்கு மேல் வீசிக்கொண்டே இருந்தால், அதுதான் வேலை செய்கிறது. மேய நேரமில்லாத மாடு பாலைக் குறைக்கும். சாணத்தையும் தின்று மிஞ்சிய தோகையையும் வாரம் இருமுறை அகற்றி, மெல்லிய அடுக்காக வெயிலில் காயவிட்டால் பாதி ஒழியும். ஈரம் இல்லையேல் புழு இல்லை. மருந்து தெளிப்பதைவிட இது பயன் தரும்.

2008இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது அரசு உணவுப் பாதுகாப்பு நிதி என ஒன்றை ஏற்படுத்தியது. பால் உற்பத்தியும் அதன் இலக்குகளில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து சினைக் கிடேரிகளை இறக்குவதுதான் இத்தகைய திட்டங்களில் வழக்கமாக முதலில் நடக்கும். அங்கே தவறு எங்கே நேர்கிறது என்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. ஃப்ரீசியன் பசுவுக்கு 25 டிகிரிக்கு மேல் ஈரக் காற்று ஒத்துவராது, தீனியைக் குறைக்கும், சினை பிடிக்காது. குளிர்ச்சி வேண்டுமென்று க்யூர்பீப் பக்கத்து மேட்டு நிலத்துக்குப் போனால் ஓயாத மழை, குளம்பு அழுகல், மடிநோய். உலர்ந்த மேற்குக் கரைக்கு இறங்கினால் வெயில், புல்லுக்கு நீர் பாய்ச்ச வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இல்லாத நாட்டில் பிறந்த கிடேரிக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் உடல் வெப்பம் பார்க்காவிட்டால், சிறுநீர் காப்பி நிறத்தில் போன பிறகுதான் தெரியும். அப்போது பெரும்பாலும் தாமதம். புல் தயாராகும் முன் மாடு வந்துவிட்டால் அடர்தீவனத்தை அள்ளிப் போடுவார்கள், அது மறுபடி அதே அர்ஜென்டினாச் சோளம். பாலின் விலை அங்கேயே தோற்றுவிடும்.

இனி உங்கள் "இடம் இருக்கிறதா" கேள்விக்குக் கணக்கு. 1,000 டன் பவுடரை உள்ளூர்ப் பாலால் ஈடுகட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80 லட்சம் லிட்டர் பால். ஒரு கலப்பினப் பசு நாளுக்கு 10 லிட்டர் வீதம் 300 நாள் கறந்தால் 3,000 லிட்டர். ஆக, சுமார் 2,700 கறவை. வற்றுப் பசு, கிடேரி, கன்று எல்லாம் சேர்த்து மந்தை 5,000. பெரிய மாட்டுக் கணக்கில் 4,000 என்று கொண்டு, தலைக்கு நாள் ஒன்றுக்கு 40 கிலோ பசுந்தீவனம் என்றால் ஆண்டுக்கு 58,000 டன். நீர் பாய்ச்சி எரு போட்ட நேப்பியர் புல் ஹெக்டேருக்கு 150 டன் தரும் என்று குறைத்தே வைத்தாலும் 400 ஹெக்டேர் போதும். அங்கே நிலத்தை அர்ப்பான் என்ற அளவில்தான் பேசுவார்கள், நம் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் கணக்கில் ஆயிரத்துக்குள். கரும்பிலிருந்து வெளியேறிய நிலம் இதைவிடப் பல மடங்கு. ஆண்டு இறக்குமதி பல ஆயிரம் டன் என்பதால் முழுத் தன்னிறைவு என்பது நடக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் ஆயிரம் டன்னுக்குத் தடை நிலம் அல்ல. அந்த 58,000 டன்னை நாள்தோறும் 160 டன்னாக வெட்டி, நறுக்கி, மாட்டின் முன் போடுவது யார், என்ன செலவில் என்பதுதான் தடை. கையால் என்றால் முடியாது. சமநிலத்தில் இயந்திரம் ஓடக்கூடிய, கற்கள் அகற்றிய வயலாக இருக்க வேண்டும். மொரீஷியஸ் எரிமலைத் தீவு, வயல் நடுவே கருங்கல் குவியல் குவியலாகக் கிடக்கும். கரும்பு இயந்திரத்துக்காக ஏற்கெனவே கல் பொறுக்கிய வயல்கள்தான் புல்லுக்கும் உகந்தவை. வில்லா கட்டுபவர்களும் அதே நிலத்தைக் கேட்கிறார்கள் என்பது தனிச் சிக்கல்.

கையால் அறுவடை நடக்கும் சிறு விவசாயிகளின் வயல்களில் இன்னும் தோகை கிடைக்கிறது. அதை ஜூன் முதல் டிசம்பர் வரை வீணாக்காமல், காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல்லாக்கி வைத்தால் ஜனவரி முதல் மே வரைக்கும் ஆகும். வெட்டிய அன்றோ மறுநாளோ 2, 3 சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். தோகையோடு தண்டின் நுனி நீளமாக ஒட்டியிருந்தால் வெட்டி எறியுங்கள். தண்டில் சர்க்கரை அதிகம், ஈஸ்ட் அதைச் சாராயமாக்கிவிடும். சத்து ஆவியாகப் போகும். 1,000 கிலோ தோகைக்கு 5 கிலோ யூரியாவை 20, 30 லிட்டர் நீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள். 10 கிலோவைத் தாண்டக் கூடாது, ஒரே இடத்தில் கொட்டவும் கூடாது. ஒவ்வொரு 15, 20 சென்டிமீட்டர் அடுக்கையும் மிதித்து அழுத்திக் காற்றை வெளியேற்றி, பிளாஸ்டிக் பீப்பாயிலோ தடித்த தாள் விரித்த குழியிலோ மூடுங்கள். ஆறு வாரம் கழித்துத் திறந்தால் ஆலிவ் மஞ்சள் நிறத்தில், புளித்த மணத்தோடு இருக்க வேண்டும். கள் வாடை அடித்தால் ஈஸ்ட் வென்றுவிட்டது, அடுத்த முறை தண்டைக் குறைத்து இன்னும் அழுத்தமாக மிதியுங்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் போடுங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் 20 கிலோவுக்கு ஏற்றலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குப் போடாதீர்கள், அதன் வயிறு யூரியாவைத் தாங்காது. தோகையில் புரதம் 4 முதல் 6 விழுக்காடுதான். இரைப்பை நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யவே 7, 8 வேண்டும். அந்தக் குறையைச் சூபாபுல் தழை நிரப்பும். ஆனால் மொத்தத் தீனியில் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அதிலுள்ள மைமோசின் நஞ்சால் முடி உதிரும், கழுத்தில் வீக்கம் வரும்.

நோய் பற்றிச் சொல்லாமல் ஒரு தீவின் போக்கை விளக்க முடியாது. 2007 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முறையாக மொரீஷியஸில் நுழைந்தது. பன்றி வளர்ப்பு அதன் பிறகு பழைய நிலைக்கு எளிதில் திரும்பவில்லை. 2016இல் கோமாரி. ஜூலையில் ரொட்ரிக்ஸில் தெரிந்தது, ஆகஸ்டில் மொரீஷியஸின் வல்லே தே ப்ரேத்ர் பகுதியில் தெரிந்தது, ஓ வகை வைரஸ். இரண்டு தீவுக்கும் இடையே நடுக்கடல். நோய் நீந்தி வரவில்லை, அறிகுறி வெளிப்படும் முன் கப்பலில் ஏறிய கால்நடைகளோடு வந்தது. பக்ரீத்துக்குச் சில வாரங்கள் முன் இது நடந்ததால் குர்பானிக்கு வைத்திருந்த மாடுகளும் சேர்ந்து அகப்பட்டன. ரொட்ரிக்ஸில் மாடும் ஆடும்தான் குடும்பத்தின் சேமிப்பு, மொரீஷியஸுக்கு ஏற்றி அனுப்பினால்தான் பணம். அந்த வழி அடைபட்டதும் வறட்சியில் புல்லும் இல்லாமல், விற்கவும் முடியாமல் நின்றார்கள். நோய் இல்லாத தீவின் பலவீனம் இது: தடுப்பூசி போடாத மந்தையில் ஒரு பொறி போதும். கோமாரித் தடுப்பூசி முதலில் இரண்டு முறை, மூன்று நான்கு வார இடைவெளியில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒருமுறை போட்டு நிறுத்தினால் போடாததற்குச் சமம்.

மானையும் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் 1639இல் பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கரும்பையும் ஜாவா ருசா மானையும் அதே ஆண்டில் கொண்டுவந்தார்கள். நம் கடமானுக்கு நெருங்கிய இனம். இன்று பெரிய வேலியிட்ட காடுகளில் பத்தாயிரக்கணக்கில் வளர்கிறது, குளிர்கால வேட்டைப் பருவத்தில் கறியாகிறது, மான்கறி அங்கே எல்லா மதத்தவரும் உண்ணும் பண்டம். தானே மேய்கிறது, சோளம் கேட்பதில்லை, புல் வெட்ட ஆள் கேட்பதில்லை. ஆகவே கோழிக்கு வெளியே, தீவின் சொந்தப் புல்லில் நிலையாக நிற்கும் இறைச்சி அது ஒன்றுதான். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: நாட்டு மரக்கன்றுகளை முளையிலேயே கடித்துவிடும், அங்கே இயற்கைக் காடு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. எனவே மான் பண்ணையை இன்னும் விரித்துக்கொண்டே போகலாம் என்று நான் சொல்லமாட்டேன். கப்ரி என்று அவர்கள் சொல்லும் ஆட்டுக்கு வாய்ப்பு அதிகம். சூபாபுல் தழையிலேயே வளரும், திருவிழா நாட்களில் விலையும் உண்டு. திருட்டும் நாய்த் தொல்லையும்தான் அங்கே முக்கிய நட்டம், எனவே இரவுக் கொட்டகைக்கே முதல் செலவு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அரசு மனம் வைத்தாலும் பால் கோழியைப் போல ஆகாது, ஏனென்றால் கோழியின் வழியில் போனால் பசுவும் கப்பல் தானியத்தைத்தான் தின்னும். பவுடரோடு விலையில் போட்டியிடாமல், பவுடர் தர முடியாத இடத்தில் நிற்கும் பாலுக்கு வாய்ப்பு இருக்கிறது. தயிர், பனீர், விடுதிகளுக்குப் புதுப்பால், தைப்பூசக் காவடி நாளில் செம்பில் ஏந்திப்போகும் பசும்பால். அங்கே அந்தச் செம்பைச் சாம்போ என்கிறார்கள், கோயிலைச் சேரும் வரை பால் திரியக் கூடாது என்பது நம்பிக்கை. 15 கறவை, 4 அர்ப்பான் புல், ஒரு நறுக்கும் இயந்திரம், 200 லிட்டர் குளிரூட்டும் தொட்டி என்ற அளவில் இரண்டு ஆட்களோடு நடத்தலாம். அதற்குக் கீழே போனால் குளிரூட்டும் தொட்டியின் செலவு தாங்காது, மேலே போனால் சம்பளமும் அடர்தீவனமும் துரத்தும்.

அப்படி யாராவது தொடங்குவதானால் காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். புல்லை முந்தைய டிசம்பர் மழையிலேயே நட்டு, இரண்டு அறுப்பு எடுத்துப் பார்த்துவிடுங்கள். கிடேரி மே அல்லது ஜூன் மாதத்தில் வந்து இறங்கட்டும். குளிர்ந்த நான்கு மாதம் உள்ளூர் உண்ணிக்கும் தண்ணீருக்கும் பழகி, செப்டம்பருக்குள் கன்று போட்டுவிட்டால், நவம்பர் வெயில் ஏறும்போது பாலின் உச்சம் தாண்டியிருக்கும், உடம்பும் தாங்கும். ஜனவரியில் இறங்கிய கிடேரியை எந்த மருந்தாலும் அந்த நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.